ஒரே குழந்தைக்கு இரண்டு தள்ளுவண்டி

எசாயாஸும் யுவாக்காவும் பேசிக்கொள்வதில்லை என்பது பனிக்கடல் ஓரத்திலிருக்கும் எங்கள் ஊர் இக்கேராக்கில் நாய்களுக்குக்கூடத் தெரியும். யுவாக்கா, எசாயாஸின் மனைவி அமாலியாவுக்கு அண்ணன். இருவர் வீடும் ஒரே பாறையின் இரண்டு பக்கம். ஒரு வீட்டில் காப்பி கொதித்தால் மற்ற வீட்டுக்கு வாசனை போகும். ஆனாலும் இரண்டு வருடமாக ஒருவர் முகத்தைப் பார்த்து மற்றவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. காரணம் ஒரு ஃப்ரீசர்.

அப்போது இருவரும் ஒரே படகில் சீல் என்கிற கடல்நாய் வேட்டைக்குப் போயிருந்தார்கள். தூரத்தில் மிதந்துவந்த பனித்திட்டின்மேல் வெள்ளையாக ஏதோ படுத்திருந்தது. "கரடி" என்றார்கள் இருவரும். எங்கள் பக்கத்தில் கரடியை முதலில் கண்ணால் கண்டவருக்குத்தான் தோல்; சுட்டது யார் என்பதற்கு மரியாதை இல்லை. ஆகவே படகு அந்தத் திட்டை நெருங்கும்வரை "நான்தான் முதல்ல பார்த்தேன்", "நான்தான்" என்று வழக்கு நடந்தது. தோலை யார் வீட்டு வாசலில் காயப்போடுவது என்பதுவரை வந்துவிட்டார்கள். யுவாக்கா ஒரு குண்டும் போட்டார். அது அசையவில்லை. பக்கத்தில் போய்ப் பார்த்தால், எந்த ஊர்க் குப்பைமேட்டிலிருந்தோ கடல் இழுத்துவந்த பழைய ஃப்ரீசர், மல்லாந்து கிடந்தது. நடுநெற்றியில் குண்டு.

கரை சேர்ந்ததும் வழக்கு தலைகீழாயிற்று. "கரடின்னு முதல்ல கத்துனது அவர்தான்" என்றார் எசாயாஸ். "முதல்ல பார்த்தது தான்தான்னு மூணு தடவை சொன்னானே, இப்ப நானா?" என்றார் யுவாக்கா. கரடியாக இருந்தவரை இருவருக்கும் சொந்தமாக இருந்தது, ஃப்ரீசரானதும் யாருக்கும் வேண்டாததாயிற்று. அன்றிலிருந்து ஒருவருக்கு மற்றவரிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அமாலியாதான் தூது.

ஊர்க் கடையைப் பார்த்துக்கொள்வது நான். கடை மேசையில் வயர்லெஸ் எப்போதும் பேசிக்கொண்டிருக்கும். எங்கள் வட்டாரத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான், கடலில் இருப்பவர்களின் குரல் கேட்டால்தான் சோறு இறங்கும். அதனால் நான் சொல்லப்போகும் பயணத்தில் ஒரு பாதியை என் காதாலேயே கேட்டேன். மறுபாதியை அமாலியா சொன்னாள், அவளுக்குத் தொண்டை சரியான பிறகு.

கடல் தாண்டித் தசியூசாக் ஊரில் இருக்கிற அவர்களுடைய கடைசித் தங்கை மக்தலீனாவுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம். போதகர் நகரத்திலிருந்து படகில் வருவதாக ஏற்பாடு. மக்தலீனா பொல்லாதவள். எசாயாஸ், யுவாக்கா இருவரையுமே ஞானத்தகப்பனாக வைத்துவிட்டு, அக்காவுக்குப் போன் போட்டாள்.

"ரெண்டு பேரும் சேர்ந்து வரணும். ஒருத்தர் வந்து ஒருத்தர் வரலைன்னா எம்பொண்ணு பேரில்லாமலே வளரட்டும். பள்ளிக்கூடத்துல கேட்டா, 'ஏய்'னு கூப்பிடுங்கன்னு சொல்லிக்கிறேன்."

யுவாக்காவின் படகு பனிக்கட்டியில் மோதி விரிசல்விட்டுக் கரையில் கவிழ்ந்து கிடந்தது. ஆகவே எசாயாஸின் படகுதான். சின்னப் படகு. முன்னால் ஆள் குனிந்து நுழைகிற மாதிரி ஒரு கூண்டு, அதற்குள் ஸ்டீரிங்கும் வயர்லெஸ்ஸும். பின்னால் திறந்த தளம், கடைசியில் எஞ்சின். நடுவில் கூண்டின் வாசல். இரண்டு வருடமாக அமாலியா இருந்த இடம் எதுவோ, படகிலும் அதே இடம் அவளுக்குக் காத்திருந்தது.

சனிக்கிழமை காலையில் துறைக்கு எசாயாஸ் ஒரு குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். நீல நிறம், பெரிய சக்கரம், மடக்கி விரிக்கிற கூரை. டென்மார்க்கிலிருந்து கப்பலில் வரவழைத்தது. அவர் அதைப் படகுக் கூண்டின் தலையில் தூக்கி வைத்துக் கட்டி முடித்தபோது, பாறைப் படியில் தடதடவென்று சத்தம் கேட்டது. யுவாக்காவும் ஒரு குழந்தை வண்டியை இறக்கிக்கொண்டிருந்தார். அதே நீலம், அதே சக்கரம், அதே கூரை. தசியூசாக்கில் ரோடு என்று ஒன்று கிடையாது. வீட்டுக்கு வீடு மரப்படிதான். ஒரு வண்டியைத் தள்ளவே அங்கே இடமில்லை.

"ஒரு வார்த்தை கேட்டிருந்தா…" என்று அமாலியா ஆரம்பித்தாள்.

"யார்கிட்ட?" என்றார் எசாயாஸ்.

"யார்கிட்ட?" என்றார் யுவாக்காவும், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

இரண்டாவது வண்டியும் கூண்டின்மேல் ஏறியது. யுவாக்கா பார்த்தார்: எசாயாஸின் முடிச்சு தளர்வாக இருப்பதாக அவருக்குப் பட்டது. சத்தம் போடாமல் அதை அவிழ்த்துவிட்டு, இரண்டு வண்டிக்கும் சேர்த்துத் தன் கயிற்றால் கட்டினார். அவர் சாமான் எடுக்க இறங்கியதும் எசாயாஸ் வந்து பார்த்தார். யுவாக்காவின் முடிச்சு அவருக்குப் பிடிக்கவில்லை. அதை அவிழ்த்தார், தன் பழைய முடிச்சு அப்படியே இருக்கிறது என்ற நம்பிக்கையில். இப்படியாக இரண்டு வண்டிகளும் கட்டப்படாமலே பயணம் புறப்படத் தயாராயின.

மத்தியானத்துக்குமேல் காற்று எழும்பும் என்று வானிலையில் சொல்லியிருந்தார்கள். நான் துறையில் நின்று அதைச் சொன்னேன். அமாலியா முதலில் கூண்டுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"நாளைக்குக் காலையில போலாமா?"

"உங்கண்ணனுக்குப் பயமா இருந்தா சொல்லச் சொல்லு, நிக்கலாம்" என்றார் எசாயாஸ்.

அவள் பின்பக்கம் திரும்பினாள். "அண்ணே, நாளைக்குப் போலாமா?"

"எனக்கென்ன? உன் புருஷனுக்கு நடுக்கம்னா இறங்கிடலாம். நான் ஊர்ல யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

இருவருக்கும் அன்று புறப்பட மனமில்லை. அதனால்தான் புறப்பட்டார்கள்.

நீண்ட முனை தாண்டும்வரை கடல் எண்ணெய் மாதிரி இருந்தது. அமாலியா பிளாஸ்க்கைத் திறந்து காப்பி ஊற்றி ஒரு கோப்பையை முன்னாலும் ஒரு கோப்பையைப் பின்னாலும் நீட்டினாள். காய்ந்த மீனை வெண்ணெய் தடவிக் கொடுத்தாள். முனை தாண்டியதும் மலைச்சரிவிலிருந்து காற்று ஒரே வீச்சாக இறங்கியது. கொஞ்ச நேரத்தில் அலைகள் கூண்டின் உயரத்துக்கு வந்தன. தெறித்த தண்ணீர் கண்ணாடியில் விழுந்து விழுந்து அங்கேயே உறைந்தது. உள்ளே இருந்த எசாயாஸுக்குப் பால் டம்ளர் வழியாகப் பார்க்கிற மாதிரிதான் கடல் தெரிந்தது. பின்னால் நின்ற யுவாக்காவுக்கு எல்லாம் தெரிந்தது. பெரிய பனிமலைகளைப் பற்றிக் கவலையில்லை, அவை குருடனுக்கும் தெரியும். அலைக்குள் அமுங்கி அமுங்கி எழும் பனிக்கட்டிகள்தான் படகைக் கிழிப்பவை.

"அந்த மடையன்கிட்ட சொல்லு, வலதுபக்கம் கட்டி."

"வலதுபக்கம் கட்டிங்க" என்றாள் அமாலியா.

"யார் சொன்னது?"

"நான்தான் சொல்றேன்."

எசாயாஸ் திருப்பினார். கட்டி உரசாமல் போனது. "பாதை எனக்குத் தெரியும், வாயை மூடிக்கிட்டு வரச் சொல்லு."

"அண்ணே, நல்லா பார்த்துச் சொல்றீங்களாம். சந்தோஷம்ங்கிறாரு."

"அவனா சொன்னான்?"

"பின்ன?"

யுவாக்கா கொஞ்ச நேரம் குழம்பிப்போய் நின்றாராம். இப்படி அவள் இருபக்கத்து வசவையும் வடிகட்டி மரியாதையாக மாற்றி அனுப்பிக்கொண்டிருந்தாள். ஆனால் காற்று ஏற ஏற, கத்த வேண்டியிருந்தது. "இடது", "வலது", "மெதுவா", "கட்டி", "இன்னொரு கட்டி" என்று முன்னும் பின்னும் கத்திக் கத்தி அவள் தொண்டை கட்டிப்போய், குரல் தகரத்தைத் தேய்ப்பது மாதிரி ஆயிற்று. கடைசியில் அவள் கூண்டு வாசலில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"இனிமே என்னால ஆகாது. நீங்களாச்சு, அவராச்சு."

யுவாக்கா யோசித்தார். பிறகு சட்டைக்குள்ளிருந்து தன் வாக்கிடாக்கியை எடுத்தார். இங்கேதான் கதை எங்கள் கடைக்குள் வந்தது.

"துறைமுகம், துறைமுகம். இங்க யுவாக்கா."

நகரத்துத் துறைமுகத்தில் வயர்லெஸ் பார்ப்பவள் பிர்கித்தா. நிதானமான பெண். "சொல்லுங்க யுவாக்கா. எங்க இருக்கீங்க?"

"எசாயாஸ் படகுல. எசாயாஸுக்கு ஒரு தகவல். இடதுபக்கம் ரெண்டு கட்டி வருது, வலது ஒடிக்கணும்."

"எசாயாஸ் எங்க இருக்காரு?"

"இதே படகுலதான். அவன் முதுகு எனக்குத் தெரியுது."

கடையில் ரொட்டி வாங்க வந்தவர்கள் காசை நீட்டிய கையோடு நின்றார்கள். வயர்லெஸ்ஸில் கொஞ்சம் இரைச்சல்.

"அப்ப நீங்களே சொல்லலாமே."

"நாங்க பேசுறதில்லைம்மா. சீக்கிரம் சொல்லு, கட்டி வருது."

பிர்கித்தாவும் இந்த வட்டாரத்துக்காரிதான். மறுபேச்சுப் பேசவில்லை. "எசாயாஸ், எசாயாஸ், இங்க துறைமுகம். இடதுபக்கம் ரெண்டு கட்டி. வலது ஒடிங்க."

யோசித்துப் பாருங்கள். யுவாக்கா கத்தியது எசாயாஸின் முதுகுக்குப் பின்னால் இரண்டு கை தூரத்தில். அதே குரல் கூண்டுக்குள் இருந்த வயர்லெஸ்ஸிலும் அவர் காதுக்குப் பக்கத்திலேயே கேட்டது. இரண்டு முறையும் அவர் அசையவில்லை. பிர்கித்தா சொன்ன பிறகுதான் ஸ்டீரிங் திரும்பியது. கட்டிகள் படகின் விலாவைத் தடவிக்கொண்டு போயின என்றாள் அமாலியா.

"நன்றி, துறைமுகம். நான் அப்பவே பார்த்துட்டேன்னு சொல்லிடுங்க" என்றது எசாயாஸின் குரல்.

"யுவாக்கா, அவர் அப்பவே பார்த்துட்டாராம்."

"பார்த்தவன் ஏன் ஒடிக்கலைன்னு கேளு."

"அதை நான் கேக்க மாட்டேன். கட்டி வந்தா மட்டும் சொல்லுங்க."

இந்த ஏற்பாடு நன்றாகவே நடந்தது. ஒவ்வொரு கட்டியும் நகரம்வரை போய்த் திரும்பிப் படகுக்கு வந்தது. எங்கள் கடை நிரம்பிவிட்டது. வட்டாரம் முழுவதும் காது வைத்திருந்தது. நடுவில் ஒரு கிழக்குரல் புகுந்தது, வடக்குத் தீவிலிருந்து சாமுவேல் பெரியவர்.

"ஏம்மா, இவங்க ரெண்டு பேரும் அந்த ஃப்ரீசரைச் சுட்டவங்கதானே?"

"பெரியவரே, இது அவசர அலைவரிசை. பேசாம இருங்க" என்றாள் பிர்கித்தா.

ஆனால் சொல் வெளியே வந்துவிட்டது.

"சுட்டது நான் இல்லீங்க. அதையும் சேர்த்துச் சொல்லுங்க" என்றார் எசாயாஸ்.

"கரடின்னு சொன்னா சுடத்தான் செய்வாங்க. சொன்னது யாருன்னு அவனையே கேளு."

"துறைமுகம், நான் கரடின்னு சொன்னது அவர் சொன்ன பிறகு. எதிரொலி மாதிரி."

அப்போது இன்னொரு குரல் வந்தது. எந்த ஊர் என்று தெரியவில்லை, ஒரு பெண். "கொஞ்சம் குறுக்க பேசுறேன், மன்னிச்சுக்கணும். அந்த ஃப்ரீசர் எங்களுதா இருக்கும்னு ரொம்ப நாளா எனக்குச் சந்தேகம். அந்த வருஷம் புயல்ல எங்க குப்பைமேடே கடலுக்குள்ள போயிடுச்சு. உள்ள ஒரு பச்சைக் கூடை இருந்துச்சா?"

"இருந்துச்சு" என்றார்கள் எசாயாஸும் யுவாக்காவும் ஒரே நேரத்தில்.

கடையில் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இரண்டு வருடத்தில் அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம்.

"அந்தக் கூடை இப்ப யார்கிட்ட இருக்கு?" என்றாள் அந்தப் பெண். "அது மட்டும் நல்ல கூடை."

"யாரும் எடுக்கல. எடுக்கலாம்னு நான் சொன்னேன், அவன்தான்…"

"துறைமுகம், சொல்லுங்க அவருக்கு. அதை முதல்ல பார்த்தது…"

அத்தோடு நின்றது. இரைச்சல்கூட இல்லை. பிர்கித்தா கூப்பிட்டாள். "எசாயாஸ், எசாயாஸ். யுவாக்கா, யுவாக்கா." மறுபடியும் கூப்பிட்டாள். பதில் இல்லை. அவள் குரலில் நிதானம் குறைந்துகொண்டே போனது. அதுவரை சிரித்துக்கொண்டிருந்த கடை, கோவில் மாதிரி ஆயிற்று. தசியூசாக்கிலிருந்து இரண்டு படகுகள் தேடப் புறப்பட்டதாகவும் குடாவின் வாயைத் தாண்டக் காற்று விடவில்லை என்றும் தகவல் வந்தது. யாரோ ஒருவர் மெதுவாக, "கடைசியா பேசுனது எசாயாஸ்தானே?" என்று கேட்டார். நான் அடுப்பில் கரி போட்டேன். போட்டதிலேயே மறுபடியும் போட்டேன்.

படகில் நடந்தது இதுதான். ஒரு பெரிய அலை கூண்டின் தலையில் ஏறியபோது, கட்டப்படாத வண்டிகள் இரண்டும் உருண்டன. ஒன்று வயர்லெஸ் கம்பத்தை அடியோடு முறித்துக்கொண்டு தளத்தில் விழுந்தது. மற்றது யுவாக்காவின் தோளில் இடித்தது; வாக்கிடாக்கி கையிலிருந்து நழுவி, படகுக்குள் தேங்கிய தண்ணீரில் முழுகி இறந்தது. வண்டிகளோடு இரண்டு கயிறுகளும் வந்தன. எசாயாஸின் கயிறு யுவாக்காவின் காலில் சுற்றியது. யுவாக்காவின் கயிறு பின்பக்கம் வழியாகக் கடலுக்குள் போய் எஞ்சின் விசிறியில் சுற்றிக்கொண்டது. எஞ்சின் ஒருமுறை விக்கியது, நின்றது.

எஞ்சின் இல்லாத படகு அலைக்கு விலாவைக் காட்டும். விலாவைக் காட்டிய படகு கவிழும். இது இருவருக்கும் தெரியும். எசாயாஸ் கூண்டிலிருந்து வெளியே வந்தார். யுவாக்கா எழுந்து நின்றார். இருவரும் முகத்துக்கு முகம் பார்த்தார்கள். வாய் இரண்டும் திறந்தன, மூடின. இருவரும் அமாலியாவைப் பார்த்தார்கள். அவள் வாயைத் திறந்தாள்; காற்றுதான் வந்தது.

"அப்ப நினைச்சேன்" என்று பின்பு என்னிடம் சொன்னாள், "இவங்க சாகுற அன்னைக்கும் பேச மாட்டாங்க. நான் ரெண்டு ஊமைக்கு நடுவுல மூணாவது ஊமை."

அப்போது யுவாக்கா வானத்தைப் பார்த்தார். பாட ஆரம்பித்தார். ஞாயிறுதோறும் கோவிலில் பாடுகிற ராகம், எங்கள் பக்கத்தில் பால்குடி மறக்காத குழந்தைக்குக்கூடத் தெரிந்த ராகம். சொற்கள்தான் அவருடையவை.

"படகின் மூக்கைக் காற்றுக்குத் திருப்ப வேணும், ஆண்டவரே,
மூக்கில் ஒருவன் கயிறு கட்ட வேணும், ஆண்டவரே."

எசாயாஸ் அவரை ஒரு நிமிஷம் வெறித்துப் பார்த்தார். ஆண்டவரிடம் பேசுவதில் என்ன தப்பு? அவரும் கண்ணை மேலே உயர்த்தினார். அவர் கோவில் பாட்டுக்குழுவில் கட்டைக்குரல்.

"கட்டலாம், கட்டலாம், கர்த்தரே,
கயிற்றைக் காலில் சுற்றிக்கொண்டு நிற்கிறாரே, கர்த்தரே."

யுவாக்கா குனிந்து காலைப் பார்த்தார். கயிற்றை உருவி, எசாயாஸிடம் கொடுக்காமல், தளத்தில் போட்டார். எசாயாஸ் தளத்திலிருந்து எடுத்துக்கொண்டார். கூண்டின்மேல் வயிற்றால் ஊர்ந்து முன்னால் போய்ப் படகின் மூக்கில் கட்டினார். ஒவ்வொரு அலைக்கும் முழங்கைவரை தண்ணீருக்குள் போய் வந்தார். கட்டியாயிற்று. மறுமுனையில் எதைக் கட்டுவது? தண்ணீரைப் பிடித்து இழுக்கிற ஒன்று வேண்டும். வாயகன்ற வாளி, சாக்கு, எதுவானாலும் சரி. வாளியை அலை கொண்டுபோயிருந்தது.

"இழுவைக்கு ஒன்றுமில்லை, கர்த்தரே" என்று முன்னாலிருந்து வந்தது பாட்டு.

அமாலியா எழுந்தாள். காலடியில் இரண்டு நீல வண்டிகளும் ஒன்றின்மேல் ஒன்று கிடந்தன. மேலே கிடந்ததை இழுத்து, அதன் கூரையை முழுக்க விரித்து, கயிற்றின் மறுமுனையைக் கைப்பிடியில் சுற்றிக் கட்டினாள். ஆண்கள் இருவரும் பார்த்தார்கள்.

"அது என் வண்டியாகட்டும், ஆண்டவரே" என்று பாடினார் யுவாக்கா. பெருமைக்கு அப்போதும் குறைவில்லை.

"என்னுடையதென்று நினைக்கிறேன், கர்த்தரே" என்று வந்தது முன்னாலிருந்து.

அமாலியா யாருடையது என்று பார்க்கவில்லை. தூக்கிக் கடலில் போட்டாள். வண்டி சக்கரம் மேலாகப் புரண்டது, பிறகு கூரை வாயைத் திறந்து தண்ணீரை விழுங்கியது. கயிறு இறுகியது. படகு முனகிக்கொண்டே மெதுவாகத் திரும்பி, காற்றுக்கு மூக்கைக் காட்டி நின்றது. அலைகள் இப்போது விலாவில் அறையாமல் அடியில் புகுந்து தூக்கி இறக்கின. மூவரும் அதைக் கொஞ்ச நேரம் நம்பாமல் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். குழந்தை வண்டி ஒன்று முன்னால் அலையில் ஏறி இறங்க, படகு பின்னால் நாய்க்குட்டி மாதிரி போகிறது.

பிறகு எஞ்சின். யுவாக்கா அதைச் சாய்த்து விசிறியை வெளியே தூக்கினார். கயிறு அதில் எலும்பைக் கவ்விய பல் மாதிரி இறுகியிருந்தது. அவருடைய கத்தி எங்கே போயிற்றோ. அமாலியா பையிலிருந்து தன் அரைவட்டக் கத்தியை எடுத்தாள். விருந்துக்குத் திமிங்கலத் தோல் நறுக்கக் கொண்டுவந்தது. யுவாக்கா எஞ்சின்மேல் கவிழ்ந்து படுத்து அறுத்தார். எசாயாஸ் பின்னால் வந்து, அவர் கடலில் விழாமலிருக்க அவர் கால்கள்மேல் உட்கார்ந்துகொண்டார். இருவரும் பாடிக்கொண்டேதான் இருந்தார்கள். "கொஞ்சம் இடதாக, ஆண்டவரே." "கை மரத்துப்போயிற்று, ஆண்டவரே." "இடுப்பெலும்பின்மேல் உட்காராதிருக்கச் செய்யும், ஆண்டவரே." ஒவ்வொன்றுக்கும் அமாலியா உதட்டை மட்டும் அசைத்து ஆமென் சொன்னாள்.

கடைசி இழை அறுந்தது. எஞ்சின் ஏழெட்டு இழுப்புக்குப் பிறகு இருமி, புகைந்து, பிடித்துக்கொண்டது. கயிற்றை இழுத்து வண்டியைத் தூக்கினால் தூக்கவே முடியவில்லை. மூவரும் சேர்ந்து இழுத்து உள்ளே போட்டார்கள். வண்டிக்குள், கூரை நிழலில், கைக்குழந்தை அளவுக்கு ஒரு பனிக்கட்டி, கண்ணாடி மாதிரி தெளிவாக, ஒருக்களித்துப் படுத்திருந்தது. யாரும் அதை வெளியே எறியவில்லை. ஏன் என்று நான் அமாலியாவைக் கேட்டேன். "எப்படி எறியறது?" என்றாள்.

மாலை வெளிச்சம் இருக்கும்போதே தசியூசாக் குடாவுக்குள் நுழைந்தார்கள். குடாவுக்குள் காற்று இல்லை. கரையில் ஊரே நின்றது. படகு வருவதற்கு முன்னால் பாட்டுதான் வந்தது என்று அங்கிருந்தவர்கள் சொன்னார்கள். பழகிப்போய்விட்டதால், "வேகத்தைக் குறைக்கச் செய்யும்", "முன்கயிற்றை எறியச் செய்யும்" என்று இருவரும் கடைசிவரை பாடிக்கொண்டே துறையில் சேர்ந்தார்கள். கரையில் இருந்தவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். இரண்டு கிழவிகள் கூடச் சேர்ந்து பாடினார்கள்.

"வந்து சேர்ந்துட்டாங்க" என்று வயர்லெஸ்ஸில் மக்தலீனாவின் குரல் கேட்டதும் எங்கள் கடையில் ஒருவரும் கத்தவில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் ஏதாவது வாங்க ஆரம்பித்தார்கள். ஒருவர் வாங்கவே தேவையில்லாத மூன்று கட்டி சோப்பு வாங்கிக்கொண்டு போனார். துறைமுகத்துப் பிர்கித்தா, "நல்லது, நல்லது" என்று மட்டும் சொன்னாள்.

மக்தலீனா அந்தப் பனிக்கட்டியை உடைத்து உருக்கித்தான் அவர்களுக்குக் காப்பி போட்டாள். போதகர் வரவில்லை. காலையிலேயே வானிலைத் தகவலைக் கேட்டுவிட்டு, ஞானஸ்நானம் புதன்கிழமை என்று சொல்லிவிட்டு வீட்டில் இருந்துவிட்டார். அவர் அதைச் சொன்னபோது இவர்கள் மூவரும் நீண்ட முனையை நெருங்கிக்கொண்டிருந்தார்கள்.

அதன் பின் மூன்று நாள் காற்று அடங்கவில்லை. உப்புத்தண்ணீர் புகுந்த எஞ்சினைக் கழற்றி மக்தலீனாவின் அடுப்படித் தரையில் பரப்பினார்கள். முதல்நாள் யுவாக்கா மட்டும் அதில் உட்கார்ந்தார். எசாயாஸ் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து கடலைப் பார்த்தார். வீட்டுக்குள் பாட முடியாது, குழந்தை தூங்கியது.

அமாலியாவுக்குக் குரல் சுத்தமாகப் போய்விட்டிருந்தது. கிசுகிசுக்கக்கூட வரவில்லை. மூலையில் தடித்த போர்வைக்குள் காலை நீட்டிக்கொண்டு, மடியில் தட்டு வைத்துத் திமிங்கலத் தோலை மென்றுகொண்டிருந்தாள். ஊரார் ஒவ்வொருவராக வந்து கேட்டார்கள், "என்னதான் நடந்துச்சு?" அவள் தொண்டையைத் தொட்டுக் காட்டிவிட்டு இன்னொரு துண்டை வாயில் போட்டுக்கொள்வாள். கல்யாணமான நாளிலிருந்து அப்படி ஒரு ஓய்வு தனக்குக் கிடைத்ததில்லை என்றாள் என்னிடம்.

இரண்டாம் நாள் எசாயாஸ் ஜன்னலிலிருந்து எழுந்து அவளிடம் வந்தார். "உங்கண்ணன் அந்த வளையத்தைத் திருப்பி மாட்டுறாரு. தலைகீழா மாட்டுறாருன்னு சொல்லு."

அவள் தொண்டையைக் காட்டினாள்.

"தெரியும். கையைக் காட்டிச் சொல்லு."

அவள் தன் கைகளைப் பார்த்தாள். ஒரு கையில் தட்டு, ஒரு கையில் கத்தி. தோளைக் குலுக்கிவிட்டு மென்றாள்.

எசாயாஸ் நின்றார். மக்தலீனாவைப் பார்த்தார், அவள் குழந்தைக்குத் துணி மாற்றுவதில் மும்முரமாக இருந்தாள், மாற்றிய துணியையே மறுபடியும் மாற்றினாள். அவர் அடுப்படி வாசல்வரை போனார். திரும்பி வந்தார். மறுபடியும் போனார். பிறகு குனிந்து, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அது தலைகீழா இருக்கு, மச்சான்."

யுவாக்கா வளையத்தைக் கையில் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இல்லை" என்றார். "ஆனா கொஞ்சம் உட்காரு. அந்த ஸ்பேனரை எடு. நீ அப்படி நின்னா வெளிச்சம் மறைக்குது."

எசாயாஸ் உட்கார்ந்தார். அமாலியா தட்டில் மிச்சமிருந்ததை முடித்தாள், போர்வையை இழுத்து மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துத் தூங்கிப்போனாள்.